அடுப்பெரியாத வீட்டின் பிள்ளைகள்

ஒரு குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்ப ஒரு போன் போதும். திரும்பக் கூட்டிவர ஓர் ஆள் சம்பளம் வாங்கிக்கொண்டு அலைய வேண்டும். தாம்பரம் வட்டாரத்தில் அந்த ஆள், சமூகப் பணியாளர் நான். அரசாங்க ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, "மேடம் இன்னிக்கு லீவு" என்ற பதிலைக் கேட்டு வயிறெரிந்த சக ஜீவன்களே, நாமும் ஒரு தடவை ஜெயித்த கதை இது. வயிறு குளிரக் கேளுங்கள்.

கழுவி வைத்த அடுப்பு

வண்டலூர் தாண்டி ஏரிக்கரையில் ஓர் இருளர் குடியிருப்பு. அங்கே ராணி என்ற பெண். புருஷன் இல்லை. அவளும் காசநோய் முற்றி சானடோரியம் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். மகள் கன்னியம்மாவுக்கு எட்டு வயது, மகன் சின்னராசுக்கு ஐந்து. பெரியவர்கள் எல்லாம் சவுக்கு வெட்டப் போயிருந்த ஒரு பகலில், பிள்ளைகள் இரண்டும் ஏரியில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தன. எதிர் அடுக்குமாடி பால்கனியிலிருந்து ஒரு புண்ணியவான் பார்த்து, குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டுவிட்டார். விசாரிக்க வந்தவர், "உங்க வீடு எது?" என்று கேட்டார். கன்னியம்மா உள்ளது உள்ளபடி அம்மாவின் குடிசையைக் காட்டினாள். உள்ளே பானை இல்லை, சட்டி இல்லை, அடுப்பில் ஒரு பிடி சாம்பல்கூட இல்லை. "கைவிடப்பட்ட குழந்தைகள்" என்று எழுதி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் போனபோது ராணியின் தங்கை செல்லம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளைகள் நாலு குடிசை தள்ளி அவள் வீட்டில்தான் தின்று தூங்கியிருக்கின்றன. ராணியின் பானை சட்டியும் அங்கேதான். அந்த வீட்டிலேயே வந்து சமைத்துப் போட்டிருந்தால் இந்த வம்பே வந்திருக்காதே என்று எரிச்சலில் கேட்டுவிட்டேன்.

"அவ இல்லாத வூட்ல நாங்க அடுப்பு மூட்ட மாட்டோம்க்கா. மூட்டுனா, அவ இனிமே வரமாட்டான்னு நாங்களே சொல்ற மாதிரி ஆய்டும்."

சுவருக்கு இரண்டு பக்கமும்

காப்பகத்தைக் குறை சொல்ல மாட்டேன். மின்விசிறி உண்டு, முட்டை உண்டு, வார்டனும் நல்ல மனுஷி. ஆனால் பெண் பிள்ளைகள் ஒரு கட்டடம், ஆண் பிள்ளைகள் அடுத்த கட்டடம், நடுவில் ஆளுயரத்துக்கு மேல் சுவர். பிறந்ததிலிருந்து அக்காவின் பாவாடையைப் பிடித்தே தூங்கிய பையனை அந்தப் பக்கம் போட்டிருந்தார்கள். விதி அப்படியாம். அந்த விதியை எழுதியவருக்குத் தம்பி தங்கை யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

வார்டனே என்னிடம் தாங்க முடியாமல் சொன்னார்: "சாப்பாட்டு மணி அடிச்சதும் இந்தக் கன்னியம்மா சுவர்கிட்ட போய் 'தம்பீ'ன்னு கத்துது மேடம். அந்தப் பக்கத்துலேர்ந்து அவன் பதில் குரல் குடுத்தப்புறம்தான் தட்டுல கையே வைக்குது."

ராணி போட்ட பந்தயம்

விஷயம் ஆஸ்பத்திரிக்கு எட்டியதும் ராணி புடவையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசலில் மடக்கிப் பிடித்தேன். மருந்தைப் பாதியில் விட்டால் நோய் இன்னும் மூர்க்கமாகத் திரும்பும், அப்புறம் பிள்ளைகள் நிஜமாகவே காப்பகத்தில்தான் வளரும் என்று பச்சையாகச் சொன்னேன். செல்லம்மா வீட்டில் பிள்ளைகளை ஒப்படைக்கச் சொல்லி ராணியும் கேட்க வேண்டும், நானும் குழந்தைகள் நலக் குழுவின் முன் போராட வேண்டும், அது ஒன்றுதான் வழி.

ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பினாள். முகக்கவசத்துக்கு மேலே அந்தக் கண்கள் என்னை ஒரு முறை முறைத்தன.

"நான் மாத்திரய முழுங்குறேன். நீ புள்ளைங்கள இட்டுகினு வா. யாரு மொதல்ல முடிக்கிறாங்கன்னு பாத்துடலாம்."

ஒரு ஆள் பேர்

குழந்தைகள் நலக் குழுவின் விசாரணைக்கு செல்லம்மாவும் அவள் புருஷனும் வந்தால் போதும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். வாசலில் ஒரு குட்டி லாரி வந்து நின்றது. குடியிருப்பே இறங்கியது. அறையில் இருந்த நாற்காலிகள் எங்கே, வந்த கூட்டம் எங்கே! பியூன் பதறிப்போய்க் கதவை மூடப் பார்த்தான். எனக்கு வியர்த்துக் கொட்டியது. கண்டிப்புக்குப் பேர்போன குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அது நல்ல சகுனமில்லை.

"பொறுப்பு யாரு ஏத்துக்கறீங்க? ஒரே ஒரு ஆள் பேரைச் சொல்லுங்க" என்றார். "நானு, நானு" என்று அறை முழுக்கச் சத்தம். தலைவி மேஜையைத் தட்டினார். எல்லாம் போச்சு என்று நான் தலையைக் குனிந்துகொண்ட நேரம், செல்லம்மா ஓரடி முன்னால் வந்தாள்.

"ஒரே ஆளு பேர எழுதினா, அந்த ஆளு வேலைக்குப் போற அன்னிக்கு புள்ளைங்கள யாரும்மா பாத்துக்குவாங்க? அதான் எல்லாரும் வந்துகீறோம்."

சொல்லாமல் வந்த விருந்தாளி

தலைவி அன்றைக்கு உத்தரவு போடவில்லை. நேரில் பார்க்கிறேன் என்று தள்ளி வைத்துவிட்டார். ஒரு மத்தியானம் யாருக்கும் சொல்லாமல் ஏரிக்கரைக்குப் போய் இறங்கியும் விட்டார். தகவல் தெரிந்து, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருந்த நான், அவர்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் ஸ்கூட்டரை விரட்டினேன்.

அங்கே ராணியின் குடிசை வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்து இருந்தது. தினமும் செல்லம்மா செய்கிற வேலையாம், அக்கா எந்த நேரமும் வரலாம் என்று. அந்தக் குடிசையையும் செல்லம்மா வீட்டில் கவிழ்த்து வைத்திருந்த அக்காவின் பானைகளையும் தலைவி பார்த்து முடித்திருந்தார். பிறகு ஒரு வீட்டில் நண்டுக் குழம்பு, அடுத்த வீட்டில் கருவாடு, இன்னொரு வீட்டில் "ஒரு வாயாச்சும் துன்னுட்டுப் போம்மா" என்று கையைப் பிடித்து இழுப்பு. கண்டிப்பான அம்மாள் மூக்கில் காரம் ஏறி, கண்ணில் தண்ணீர் வழிய, தட்டும் கையுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தேவிட்டார்.

"இங்க யாரும்மா பிள்ளைகளைக் கைவிட்டாங்க? எழுந்து போறேன்னா என்னையே விடமாட்டேங்கறாங்களே!"

வண்டியில் இடம்

உத்தரவு வந்தது. உறவினர் பராமரிப்பில், செல்லம்மா வீட்டுக்கு. அது மாசி மகத்துக்கு முந்தின நாள். இருளர்கள் எல்லோரும் மாமல்லபுரம் கடற்கரைக்குக் கிளம்பி, கன்னியம்மனைக் கும்பிட்டு மணலிலேயே தங்குகிற நேரம். மற்ற குடியிருப்பு வண்டிகள் காலையிலேயே போய்விட்டன. ராணியின் குடியிருப்பு மட்டும் போகவில்லை. நான் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தால், எனக்கு முன்னாலேயே கேட் எதிரில் அவர்கள் வண்டி நிற்கிறது. டிரைவர் பக்கத்தில், அந்த வாரம்தான் டாக்டர் டிஸ்சார்ஜ் செய்து அனுப்பிய ராணி, மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு.

கன்னியம்மா நேரே அம்மாவிடம் ஓடவில்லை. பக்கத்துக் கட்டடத்து வாசலுக்கு ஓடி, தம்பி கையைப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் அம்மாவிடம் ஓடினாள். வார்டன் அழுதார், கேட் வாட்ச்மேன் அழுதான், நான் மட்டும் கண்ணில் தூசி என்றேன். வண்டியை எட்டிப் பார்த்தால், எள் போட்டால் விழாது. பிள்ளைகளை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வரட்டுமா என்று கேட்டேன். உள்ளேயிருந்து பல கைகள் நீண்டு இரண்டையும் தூக்கிக்கொண்டன.

"வண்டில எடம் இல்லதான்க்கா, மடில கீது!"

வண்டி புகையைக் கக்கிக்கொண்டு மாமல்லபுரம் போய்விட்டது. ஒரு கூட்டமே தூக்கிக்கொண்டு போகக் காத்திருக்கிற பிள்ளைகளுக்குக் கேட்டைத் திறந்துவிடுகிற இந்த உத்தியோகத்துக்குத்தான் நான் பட்டமெல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன்.