ராணி எடுத்த ஈட்டி

போன வாரம் பூந்தமல்லியில் வண்டி பஞ்சர். கடைக்காரர் சேகர் ட்யூபில் சொல்யூஷன் தடவினார் பாருங்கள், அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் மேலுதடு தானாக அரித்தது. ஒரு காலத்தில் தினமும் காலையில் இதே மாதிரி நெடியடிக்கும் ஒரு பசையைத் தடவி எனக்கு மீசை ஒட்டுவார்கள். சொந்த மீசை இருக்கிறவனுக்கு ஒட்டு மீசை எதற்கு என்று கேட்காதீர்கள். என்னுடையதைப் பார்த்தால் எதிரிப் படை சிரித்துவிடுமாம்.

நசரத்பேட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பொட்டல். அங்கே பிளைவுட்டில் அரண்மனை கட்டி, டிவிக்கு ஒரு ராஜா காலத்துத் தொடர் எடுத்தார்கள். பாடியில் நான் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டதால் போர்வீரனாகப் போனேன். நாலாவதோடு நின்றவனை நம்பி வசனம் தருவார்களா? ஈட்டி தந்தார்கள். நாட்டை நன்றாகத்தான் காத்தேன். வெளி எதிரி ஒருவனும் வரவில்லை. வந்த எதிரிகளும் நாங்களேதான், தலைப்பாகையை மாற்றிக் கட்டிக்கொண்டு.

மீசையைச் சொறிந்துகொண்டு நின்றவனிடம் சேகர் செல்போனை நீட்டினார்.

“இத்த பாரு அண்ணாத்தே. ஊரே பாத்துகினு கீது.”

பார்த்தேன். அரண்மனை முற்றம். எதிரியின் தூதன் மிரட்டுகிறான். பக்கத்தில் நிற்கும் காவலனின் ஈட்டி தடாலென்று விழுகிறது. ராணி குனிந்து அதை எடுத்து, “என் வீரன் கை தளர்ந்தாலும் இந்த ஈட்டி மண்ணில் கிடக்காது” என்கிறாள்.

“அந்த ஈட்டி என்னுதுப்பா.”

“இன்னாது?”

“கீய வுயுந்துச்சே, அத்த உட்டது நாந்தான்.”

சேகர் படத்தை நிறுத்திப் பெரிதாக்கினார். ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. “இதா நீ? கை முட்டி சூப்பரா நடிச்சுகீது அண்ணாத்தே.”

சிரித்தேன். அப்புறம் கீழே போட்டிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். சிரிப்பு போய்விட்டது. அது ஈட்டியை எடுத்த குணவதியின் பெயர் இல்லை. அவருக்குப் பின்னால் ராணியாக வந்தவரின் பெயர்.

குணவதி ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். கேமரா முன்னால் செந்தமிழ், கட் சொன்னதும் நம்ம பாஷை. அன்றைக்குச் சித்திரை வெயில். முற்றத்துச் சிமெண்டுத் தரையில் நாங்கள் பன்னிரண்டு வீரர்கள் வெறுங்காலோடு நின்றோம். ராஜா காலத்தில் ஏது ரப்பர் செருப்பு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சூடு தாங்காமல் நான் கால் மாற்றினேன், ஈட்டி போய்விட்டது. குணவதி நிறுத்தவில்லை. எழுதாத வசனத்தைத் தானாகச் சொல்லி எடுத்தார். டைரக்டரே கை தட்டினார்.

ஷாட் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று பல்லைக் காட்டினேன்.

“ஏண்ணா உட்டுட்ட?”

“கால் சுடுதும்மா.”

வரிசையாக எங்கள் கால்களைப் பார்த்தார். பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கித் தன் காலைக் காட்டினார். ஹவாய் செருப்பு.

“மேனேஜர் சார், ஃப்ரேம்ல காலே தெரியல. எனுக்கு செருப்பு கீது, இவங்க கால் இன்னா கல்லா? இவங்களுக்கு செருப்பு வரட்டும், அப்பால நான் வரேன்.”

சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் பூந்தமல்லியிலிருந்து ஒரு கோணி நிறையச் செருப்பு வந்தது. எனக்குக் கிடைத்த இரண்டுமே இடது கால்.

“வேஷம் தலைக்கு ஏறிடுச்சு,” என்றார் மேனேஜர்.

இரண்டே வாரம். அன்றைய பகுதியின் ஆரம்பத்தில், டைட்டிலோடு ஒரு அட்டை போட்டார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், இரண்டு போட்டோ, இரண்டு பெயர், நடுவில் ‘இவருக்குப் பதில் இவர்’. பல்பு மாற்றுகிற மாதிரி ராணியை மாற்றினார்கள். புது ராணி மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் பிழைக்க வந்தவர். என் மேல்தான். குணவதி வாங்கிக் கொடுத்த செருப்பில் நின்றுகொண்டு, புது ராணிக்கு “வாழ்க” சொன்னேன். நல்ல சத்தமாகவே சொன்னேன்.

பஞ்சர் கடையிலேயே சேகரை விட்டு வீடியோவின் கீழே எழுத வைத்தேன்: ‘இது குணவதி. ஆவடி.’ உடனே எவனோ, ‘யார் பெருசு அது, உங்க ஆளா?’ என்று கேட்டுப் பல்லிளிக்கும் பொம்மை போட்டான்.

“புரூப் காட்டலாம், அந்த அட்டைய தேடு,” என்றேன். சேகர் ஒவ்வொரு பகுதியாகத் தள்ளித் தள்ளித் தேடினார்.

“டைட்டில எல்லாம் வெட்டிட்டு ஏத்திகீறானுங்க அண்ணாத்தே. நேரா சண்டைலதான் ஆரம்பிக்குது.”

அரண்மனை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. வாசலில் நிற்கிற காவலாளிக்கு பூட்ஸே இருக்கிறது. அந்த அட்டையை அன்றைக்கு எத்தனை கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பேன்! குணவதியைத் துரத்திய அட்டைதான். ஆனாலும் அதில் அவர் பெயர் இருந்தது.