மிளாறுப் புகையும் புட் அப் வித்தும்

வெள்ளைக்காரன் மேல் எனக்கு முதன்முதலில் ஆத்திரம் வந்தது மூன்று சின்னச் சொற்களால்தான். புட், அப், வித். தனித்தனியாகக் கேட்டால் பாலர் வகுப்புப் பிள்ளைகூட அர்த்தம் சொல்லிவிடும். வை, மேலே, கூட. மூன்றையும் சேர்த்துவிட்டால் மட்டும் 'பொறுத்துக்கொள்' என்று அர்த்தமாம். எதை எதன் மேலே வைத்தால் பொறுமை வரும் என்று ஹட்டன் பள்ளிக்கூடத்தில் எங்கள் இங்கிலீஷ் மாஸ்டரிடம் கேட்டேன். "கேள்வி கேக்காம மனப்பாடம் பண்ணு" என்றார். கடைசியில் உள்ள 'வித்' என்பதை எடுத்துவிட்டால் அர்த்தமே வேறாகிவிடும். அது தனித் தலைவலி.

மாஸ்டருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஒவ்வொரு தொடருக்கும் தமிழில் ஒரு கை விரல் நிறைய அர்த்தம் சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தாலும் பிரம்பு பேசும். அதனால் சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் உரத்த குரலில் ஆரம்பித்துவிடுவேன். புட் அப் வித், பொறுத்துக்கொள். புட் அப் வித், சகித்துக்கொள். தாங்கிக்கொள், அனுசரித்துப் போ, பழகிக்கொள். மனதுக்குள் படித்தால் மண்டையில் ஏறாது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை.

எங்கள் வீடு வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மேல் லயத்தில். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைகள். அறையைக் காம்பரா என்போம். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே சுவர் உண்டு, ஆனால் அது கூரையைத் தொடாது. எந்தப் புண்ணியவான் கட்டினானோ, ஆள் உயரத்துக்கு மேல் கல் செலவழிக்க மனம் வரவில்லை. மேலே திறந்து கிடந்த இடைவெளி வழியாகப் பேச்சு போகும், தும்மல் போகும், புருஷன் பெண்டாட்டி சண்டை போகும். எல்லாவற்றுக்கும் மேலாகப் புகை வரும்.

பக்கத்துக் காம்பராவில் இருந்தவரைச் சித்தி என்று கூப்பிடுவேன். சொந்தமில்லை, பழக்கம். கைக்குழந்தைக்காரி. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் அடுப்பைப் பற்றவைப்பார். விறகு, செடியை மட்டம் வெட்டும் கவ்வாத்தில் கழித்துப்போட்ட தேயிலைக் குச்சி, மிளாறு என்போம். எங்கள் பக்கத்து மழையில் அது எந்தக் காலத்தில் காய்ந்தது? எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். அந்தப் புகை சுவர் ஏறி இறங்கி நேராக என் அம்மாவிடம் வரும். அம்மாவுக்கு இழுப்பு. புகை வந்துவிட்டால் படுக்க முடியாது. அரிசிச் சாக்கில் சாய்ந்து உட்கார்ந்தபடி, நெஞ்சு விசில் அடிக்க, கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு மழைக்கும் அது கூடிக்கொண்டே போனது. இப்படியே போனால் ஒரு நாள் மூச்சு நின்றுவிடும் என்ற பயம் எனக்கு.

யாரிடம் போய்ச் சொன்னாலும் ஒரே பதில்தான். மலையில் வேலை வாங்கும் கங்காணி "பழகிக்கங்க" என்றார். மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா "கொஞ்சம் அனுசரிச்சு இருங்க" என்றார். அம்மாவோ, மூச்சு விடவே வழியில்லாத அந்த வாயால், "பொறுத்துக்கலாம்டி" என்பாள். அகராதியே வேண்டாம், ஒரு நடை நடந்தால் மாஸ்டர் கேட்ட அர்த்தமெல்லாம் கிடைத்துவிடும். நாங்களாகவும் ஒன்றும் செய்துகொள்ள முடியாது. லயம் தோட்டத்துச் சொத்து. ஆணி அடிக்கக்கூட ஆபீஸில் கேட்க வேண்டும்.

கடைசியில் அம்மாவை இழுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். இலங்கை சுதந்திரம் வாங்கிச் சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தோட்டத்துக்கு அந்தச் செய்தி வந்ததாகத் தெரியவில்லை. துரை வெள்ளைக்காரர்தான். வாரத்தில் ஒரு நாள் அவருடைய ஜன்னலுக்கு வெளியே நின்று குறை சொல்லலாம். ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிளாக்கர் பக்கத்தில் நின்று அதை இங்கிலீஷில் சொல்வார், துரை சொல்வதைத் தமிழில் திருப்புவார். சித்தியும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "எங்க அடுப்புப் பொகைதான, நானும் வந்து சொல்றேன்" என்றார். லயத்துப் பெண்கள் வேறு சிலரும் கூடவே வந்தார்கள்.

சுவரைக் கூரை வரைக்கும் உயர்த்தித் தரச் சொல்லிக் கேட்டோம். கிளாக்கர் சொன்னார். துரை தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "தே வில் ஹாவ் டு புட் அப் வித் இட்" என்றார்.

கிளாக்கர் எங்கள் பக்கம் திரும்பி மலர்ந்த முகத்தோடு, "தொரை கவனிக்கிறேன்னு சொல்லிட்டாரு. சந்தோஷமாப் போயிட்டு வாங்க" என்றார்.

அவர் வழக்கமே அதுதான். துரை என்ன சொன்னாலும் கிளாக்கர் வாயில் அது 'கவனிக்கிறேன்' ஆகிவிடும். பொல்லாத மனிதர் என்று சொல்ல மாட்டேன். சனங்களின் வயிற்றெரிச்சலும் துரையின் கத்தலும் தன் தலையில் விழாமல் பார்த்துக்கொண்டார். நாங்களும் கும்பிட்டுவிட்டுப் போய், கவனிப்பார் கவனிப்பார் என்று வருஷக்கணக்காகக் காத்திருப்போம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டார்.

"ஐயா, புட் அப் வித்துன்னா பொறுத்துக்கன்னுதான அர்த்தம்?"

"சகிச்சுக்க" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"தாங்கிக்க, அனுசரிச்சுப் போ, பழகிக்க" என்று மற்றவர்கள் நான் படிக்கும் அதே ராகத்தில் முடித்தார்கள். எத்தனை சாயந்திரம் என் கத்தலைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டிருப்பார்கள்! கிளாக்கர் முகத்தில் ஈயாடவில்லை. என்ன சத்தம் என்று துரை கேட்டார். "நத்திங், சார்" என்றார் கிளாக்கர். ஜன்னல் சாத்தப்பட்டது. அவ்வளவுதான் நடந்தது. அத்தனை அர்த்தம் தெரிந்தும் ஒரு செங்கல் அசையவில்லையே என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தேன்.

சித்தி அப்படி நினைக்கவில்லை. "கவனிக்கிறேன்னா காத்துக்கிட்டு இருக்கணும். அதான் இல்லைன்னு ஆயிருச்சே, இனி யாரக் கேக்கணும்?" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே பழைய கொழுந்துச் சாக்குகளை ஒன்றோடொன்று தைத்து, சுவருக்கும் கூரைக்கும் நடுவே அவரே ஏறி ஆணி அடித்தார். கங்காணி வந்து சத்தம் போட்டார். சித்தி காதில் வாங்கவே இல்லை.

அன்று அம்மா கால் நீட்டிப் படுத்துத் தூங்கினாள். எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது. நாலு சாக்குத் துண்டு! இதற்கா இத்தனை வருஷம்?

பிறகு அடைமழை பிடித்தது. வெளியே போக வழி இல்லாத புகை சித்தியின் காம்பராவிலேயே சுற்றியது. ஒரு சாயந்திரம் நான் படித்துக்கொண்டிருந்தபோது சாக்குக்கு அந்தப் பக்கம் குழந்தை இரும ஆரம்பித்தது. விடாத இருமல். அம்மா எழுந்தாள். டிரங்குப் பெட்டி மேல் ஏறி ஆணியைப் பிடுங்கிச் சாக்கின் ஓரத்தை இறக்கினாள்.

"அம்மா, ஒனக்குப் பைத்தியமா? எறங்கு!" என்று கத்தினேன்.

அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை சாக்கை மேலே தள்ளியது. "அக்கா, ஏன் அவுக்குறீங்க? மூடுங்க. புள்ளைக்குச் சளிதான்."

"சளின்னா இப்படியா இருமும்? நீ கைய எடு."

"நீங்க எடுங்க. ஒங்களுக்கு இழுப்பு வந்துரும்."

அம்மா கீழே இழுக்க, சித்தி மேலே தள்ள, சாக்குத் தூசி முழுக்க என் தலையில் கொட்டியது. இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. துரையிடம் இப்படி ஒரு மல்லுக்கட்டு நின்றிருந்தால் சுவர் எப்போதோ எழும்பியிருக்கும். ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது எனக்கு.

"சரி, பாதி" என்றாள் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே. "பாதி தொறந்து கெடக்கட்டும். ஆளுக்குப் பாதி."

சித்தியின் கை மெல்ல இறங்கியது. திறந்த பாதி வழியாகப் புகை எங்கள் பக்கம் வந்தது. அம்மா பெட்டியிலிருந்து இறங்கி, அரிசிச் சாக்கைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.