எச்சில் தீயில் போட்ட காப்பி

இன்று காலை என் மனைவியின் சித்தப்பா எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு வந்தார். நத்தம் ரோட்டில் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்.

காப்பியை ரசித்துக் குடித்துவிட்டு, "விறகும் இல்ல, புகையும் இல்ல. அடுப்பு எப்படி மாப்ள எரியுது?" என்றார்.

கொல்லையில் இருக்கும் தொட்டியைக் காட்டினேன். பிளாக் ஆபீஸில் சொல்லிக்கொடுத்தது. சாணத்தோடு, சாப்பிட்டவர்கள் இலையில் மிச்சம் வைத்த சோற்றையும் கரைத்து ஊற்றுகிறோம். காற்றுப் புகாமல் புளித்து, எரிவாயு வருகிறது.

மாமாவின் முகம் கோணியது.

"சாணி சரி. எச்சிச் சோத்துல வந்த தீயிலயா எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தீக?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்க்க, வாசலில் நின்று வாய் கொப்பளித்துத் துப்பினார். இரண்டு பேர் பாதி இட்லியோடு எழுந்து போய்விட்டார்கள். மனைவிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மாடு கழித்தது சுத்தமாம், மனிதன் மிச்சம் வைத்தது தீட்டாம்!

மாட்டுவண்டியில் ஏறியவர் திரும்பிக் கேட்டார்: "தொட்டியில இருந்து வழியுற கூழு அம்புட்டும் வீணாத்தான மாப்ள போகுது? பூச்செடிக்கு நல்ல உரமாச்சே. நாளைக்கு ஒரு வண்டி அனுப்பி வைங்க."

அவர் தோட்டத்து மல்லிகைதான் தினமும் அம்மன் கழுத்தில் ஏறுகிறது.

அம்மன் வாய் கொப்பளிக்க ஒரு செம்புத் தண்ணீரும் கூடவே அனுப்பட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.