வெள்ளை முட்டைப் புழு

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கட்டாமல் கல்யாணம் கிடையாது. வாப்பா மௌத்தாகிப் போன பிறகு என் வீட்டைக் கூடப்பிறந்த மூத்தவர், காக்காதான் கட்டினார். சுவர் எழும்பி நின்றது, கூரை இல்லை. அந்தக் கூரைக்காகத்தான் சாய்ந்தமருதிலிருந்து சாகாமத்துக்குப் போய், குத்தகைக் காணியில் சோளன் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் பெரும்போக அறுவடை முடியும்வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

சோளன் இடுப்பளவு வளர்ந்தபோது படைப்புழு விழுந்தது. குருத்துக்குள் ஒளிந்திருந்து தின்னும் சனியன். மருந்துக்கு அது மசியவில்லை. நானும் காக்காவோடு காணிக்குப் போய்க் கையால் பிடிக்கத் தொடங்கினேன். அயல் காணிக்காரர்கள் பிடித்ததைக் குவித்து எரித்தார்கள். காக்கா மாட்டேன் என்றுவிட்டார். உயிருள்ளதை நெருப்பில் போடுவது மார்க்கத்தில் கூடாதாம். சவர்க்காரம் கரைத்த நுரைத் தண்ணீர் வாளியில் போட்டு அமுக்கினார். அதற்கும் ஒரு பிஸ்மி! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சில புழுக்களின் முதுகில் அரிசிக் குறுணி ஒட்டியதுபோல வெள்ளையாக இருக்கும். அவை தின்னாமல் சும்மா கிடக்கும்.

“முட்டையோட கிடக்கிறத முதல்ல புடி தங்கச்சி. இதுகள் பொரிச்சா நம்மட கத முடிஞ்சி,” என்பார் காக்கா. ஒன்றைக்கூட விடாமல் தேடிப் பிடித்தோம்.

பாதிப் பயிர் போன பிறகு விவசாயப் போதனாசிரியர் வந்தார். வாளியை எட்டிப் பார்த்தார்.

“இது முட்டையில்ல தம்பி. குளவிட கூடு. குளவி புழுட உடம்புக்குள்ள முட்டை போடும். குஞ்சு உள்ளுக்க இருந்து தின்டு வளந்து, வெளிய வந்து இப்பிடிக் கூடு கட்டும். புழு செத்துரும். குளவி பறந்து போய் மத்தப் புழுவப் புடிக்கும்.”

“அப்ப, இது எங்கட ஆளா சேர்?”

“ஓம். இதுகள விட்டு வெச்சிருக்கணும்.”

காக்கா வாளிக்குள் கைவிட்டு வெள்ளைப் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து வரப்பில் பரப்பினார்.

“வெயில் பட்டா உசிர் வருமா சேர்?”

போதனாசிரியர் மோட்டார் சைக்கிள் பக்கம் போனார். நாங்கள் அஸர் தொழுகை நேரம் வரை அங்கேயே குந்தியிருந்தோம். எறும்புகள்தான் வந்தன.

அந்தப் போகத்தில் அறுவடை என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். அதை உம்மாதான் என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து காக்கா என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை. சோறு வைத்தால் குனிந்தபடி தின்றுவிட்டுப் போகிறார். கல்யாணம் நின்றதைத் தாங்கிக்கொண்டேன். இதை என்னால் தாங்க முடியவில்லை.