கலந்து போட்ட கூறு

தாம்பரம் மார்க்கெட்டில் அங்காளம்மாவிடம் மீன் வாங்கியவர்களுக்கு ஒன்று தெரியும். அவள் கலந்து கூறு போட மாட்டாள். சங்கரா என்றால் சங்கரா மட்டும், நெத்திலி என்றால் நெத்திலி மட்டும். பொழுது சாய்ந்தால் மற்றவர்கள் மிச்சமீதியை ஒன்றாகக் குவித்து, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு பஸ் பிடிப்பார்கள். இவள் அசைய மாட்டாள். "கலந்தா நல்ல மீனும் நாறுன மீனு வெலைக்குப் பூடும்" என்பாள். கோவளத்தில் ஏலம் எடுக்கும்போதும் அப்படித்தான். செவுளைப் பிரித்துச் சிவப்பு பார்க்காமல் ஒரு கூடை எடுத்ததில்லை.

அப்படிப்பட்ட கெட்டிக்காரிதான் 2004-இல் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

மகள் ஜெயப்ரியா பிளஸ் டூ முடித்த வருஷம் அது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தனியார் கல்லூரி புதுப் படிப்பு ஒன்றை ஆரம்பித்திருந்தது. பொருளாதாரம் கொஞ்சம், சமூகவியல் கொஞ்சம், சுற்றுச்சூழல் கொஞ்சம், கம்ப்யூட்டர் கொஞ்சம், எல்லாம் சேர்ந்து ஒரே டிகிரி. "நாலு துறை படிக்கிற பொண்ணுக்கு நாலு பக்கமும் வேலைம்மா" என்றார் அட்மிஷன் மேசையில் இருந்தவர். அங்காளம்மாவுக்கு வாயெல்லாம் பல். ஒரு கூடை விலைக்கு நாலு கூடை என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. போன வருஷம் முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. போன வருஷம் என்று ஒன்றே அந்தப் படிப்புக்கு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பேங்கில் ஒன்றரை லட்சம் கல்விக் கடன். தாயும் மகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள்.

ஜெயப்ரியாவைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். முதல் வகுப்பில் தேறினாள். கடலோரக் குப்பத்தில் வீடு வீடாகப் போய், கடல் எத்தனை அடி உள்ளே வந்திருக்கிறது என்று அளந்து எழுதியதற்குக் கல்லூரியில் பரிசு கொடுத்தார்கள். ஆனால் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் ஒரே பாட்டு. பொருளாதாரம் கேட்டவர்கள் இது பொருளாதாரம் இல்லை என்றார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் இது கம்ப்யூட்டரே இல்லை என்றார்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியப் போனபோது அங்காளம்மாவும் கூடப் போனாள். குமாஸ்தா தேவானந்தம் பட்டியலை இரண்டு தடவை புரட்டினார்.

"இந்தப் பேர்ல ஒரு டிகிரியே லிஸ்ட்ல இல்லையேம்மா. பிளஸ் டூன்னு பதிஞ்சுக்கட்டுமா?"

"அப்போ மூணு வருசம் இன்னா சார் ஆச்சு?"

"அத காலேஜ்ல கேளுங்க."

கேட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் படித்து அறுபதாயிரம் கட்டினால் பொருளாதாரம் என்றே சான்றிதழ் தருவதாகப் பதில் வந்தது.

2008 ஜூனில் பேங்க் கடிதம் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து மாதம் நாலாயிரத்து நூறு, அஞ்சு வருஷத்துக்கு. அதே வாரம் தாம்பரத்தில் ஒரு கால் சென்டர் ஜெயப்ரியாவுக்கு வேலை கொடுத்தது. சம்பளம் ஆறாயிரத்து ஐந்நூறு. தகுதி, பிளஸ் டூ பாஸ்.

சாயங்காலம் மகள் இரண்டு தாள்களோடு மார்க்கெட்டுக்கே வந்துவிட்டாள். ஒன்று கால் சென்டர் ஆர்டர். மற்றது கல்லூரியின் விண்ணப்பம்.

"இன்னொரு கையெழுத்து போடும்மா. ஒரே வருஷம். அப்புறம் கவர்மெண்ட் எக்ஸாம் எழுதிடுவேன்."

அங்காளம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள். "அறுபதாயிரம் சேந்தா தவண அஞ்சாயிரத்துக்கு மேல பூடும். ஒரு வருசச் சம்பளமும் போச்சு. வேல கெடைக்கும்னு எவன் சொல்றான்? மொதல்ல சொன்னவந்தான?"

"இந்த வேலைக்கு நான் படிச்சே இருக்க வேணாமே. அப்பவே போயிருந்தா நாலு வருஷ சம்பளம் கையில இருக்கும். கடனும் இருக்காது."

உண்மை என்பதால் சுருக்கென்று தைத்தது. தன் மேல் வந்த கோபம் மகள் மேல் பாய்ந்தது.

"செவுளப் பாக்காம எட்த்தது நாந்தான். இன்னா பண்றது இப்போ? ஏலத்துல எட்த்தத எவனும் திருப்பி வாங்க மாட்டான். வந்த வெலைக்கு வித்துட்டு வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

ஜெயப்ரியா தாள்களை மடித்தாள்.

"நான் மீன் இல்லம்மா."

இருபத்திரண்டு வருஷமாக அந்த மார்க்கெட்டையே வாயால் அடக்கியவளால் சொன்னதைத் திரும்ப வாங்க முடியவில்லை. கூடையில் கிடந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் கையெழுத்து அவள் போடவில்லை.

திங்கட்கிழமை ஜெயப்ரியா பிளஸ் டூ வேலைக்குப் போனாள்.