சுவரைப் பார்த்த குவளை

கிளெம் பிரீஸ் ஒரு தடவை செத்துப்போனார். அதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. இங்கிலாந்தில் நெதர் பிராக்லி என்ற அந்த ஊரே கூடி முடிவு செய்த விஷயம் அது. அவரை யாரும் கேட்கவில்லை.

கிளெம் செப்டிக் டேங்க் லாரிக்காரர். சுற்றியிருக்கும் பன்னிரண்டு கிராமங்களின் வயிற்று ரகசியமும் அவருக்கு அத்துப்படி. யார் வீட்டில் என்ன தின்கிறார்கள், யார் எதைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மறைக்கிறார்கள், எல்லாம் தெரியும். வாயைத் திறக்க மாட்டார். அதற்கு ஊர் காட்டிய நன்றி என்னவென்றால், தேவாலயத்தில் அவர் உட்காரும் பெஞ்சில் ஈயைத் தவிர வேறு யாரும் உட்கார மாட்டார்கள். கல்யாணமும் ஆகவில்லை. இரண்டு பெண்கள் அவர் எழுதிய கடுதாசியை விரும்பினார்கள், லாரியைப் பார்த்ததும் விருப்பம் தீர்ந்துவிட்டது.

அவர் மனுஷனாக இருந்தது ஒரே இடத்தில், ‘கறுப்புக் கிடா’ என்ற பப்பில். தாழ்ந்த கூரை, நிமிர்ந்தால் மண்டை உடையும். நாய்களுக்குத்தான் கணப்பருகே முதல் மரியாதை. கவுன்ட்டருக்குப் பின்னால் சுவர் முழுக்க கொக்கிகள், கொக்கிக்கு ஒரு மண்குவளை. அந்த ஊரில் கொக்கி இருந்தால்தான் ஆள். கண்ணாடி டம்ளர் வெளியூர்க்காரர்களுக்கும், வரி அதிகாரிகளுக்கும், பாதிரியாருக்கும்.

ஏழாவது கொக்கி கிளெமுடையது. அவர் கதவைத் தள்ளும்போதே கடைக்கார அம்மா மேவிஸ் புரோஸர் குவளையை இறக்கி சைடர் என்ற ஆப்பிள் மதுவை ஊற்ற ஆரம்பித்திருப்பார். “நாத்தம் வந்துடுச்சு, பின்னாடியே ஆளும் வருது பாரு!” என்று ஊரே கேட்கக் கத்துவார். கிளெமுக்கு அது தேனாக இருக்கும். தேவாலயத்தில் யாரும் அவர் நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாசூக்காக நகர்ந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

கொக்கிக்காரர் யாராவது இறந்தால், அவர் குவளையில் சைடர் ஊற்றிச் சுற்றுக்கு விடுவார்கள். ஆளுக்கு ஒரு மிடறு குடித்ததும், குவளையின் வாய் சுவரைப் பார்க்கும்படி மாட்டிவிடுவார்கள். அதன் பிறகு அதைத் தொடக்கூடாது. தொட்டுத் திருப்பினால் சுவர் பதிலுக்கு இன்னொரு ஆளைக் கேட்குமாம். நிலாவில் மனுஷன் நடந்ததை டிவியில் பார்த்த கூட்டம்தான் இது. ஆனாலும் சுவரைப் பார்த்த குவளையைத் தொடச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும்.

1977 ஏப்ரலில் கிளெமுக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஹெரிஃபோர்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ஆறாம் நாள் அடுத்த வீட்டு பெர்ட் வாட்கின்ஸ் ஒரு பை திராட்சையோடு பார்க்கப் போனார். கட்டில் காலி. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். ‘இங்கே இருந்தவர் எங்கே?’ என்று மூன்று வார்த்தை கேட்டிருந்தால், வேறு வார்டுக்கு மாற்றிவிட்டோம் என்று சொல்லியிருப்பாள்.

பெர்ட் கேட்கவில்லை. வேலையாக இருக்கும் பெண்ணைத் தொந்தரவு செய்வதா? தொப்பியைக் கழற்றிக் காலிக் கட்டிலுக்கு ஒரு மரியாதை செய்துவிட்டு, திராட்சையை பஸ்ஸிலேயே தின்று தீர்த்துவிட்டு ஊருக்கு வந்து, “கிளெம் போயிட்டான்” என்றார்.

மேவிஸின் கைக்கு எட்டும் தூரத்தில் டெலிபோன் இருந்தது. அவரும் எடுக்கவில்லை. “அவங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும்” என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கிளெமுக்குச் சொந்தபந்தம் கிடையாது, அடக்கத்தை ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏழாவது குவளை சுற்றுக்கு வந்தது, சுவரைப் பார்த்துத் திரும்பியது. அதே நேரத்தில் கிளெம் புது வார்டில் தலையைப் படிய வாரிக்கொண்டு, பார்வையாளர் நேரத்தில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு பப் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

யாரும் அலறவில்லை. அது அந்த ஊர் வழக்கமில்லை. பெர்ட் மெல்லச் செருமிவிட்டு, “மழை வர்ற மாதிரி இருக்குல்ல?” என்றார்.

“இருக்கு” என்றார் கிளெம். பிறகு ஏழாவது கொக்கியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். “நான் எப்பய்யா செத்தேன்?”

“செவ்வாய்க்கிழமை” என்றார் பெர்ட், தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு. “நல்லபடியாத்தான் செஞ்சோம், கிளெம். உன்னை மாதிரி நல்ல மனுஷன் கிடையாதுன்னு பாதிரியாரே பேசினாரு.”

“அவரு என் பக்கத்துல நின்னதே இல்லையேய்யா.”

“அதனாலதான் அவரால அவ்வளவு தாராளமாப் பேச முடிஞ்சுது.”

“என் கோழிங்க? உன்கிட்டதானே விட்டுட்டுப் போனேன்?”

பெர்ட் மறுபடியும் ஜன்னல் வழியாக மழையைத் தேடினார்.

மேவிஸ் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து, சைடரை ஊற்றி, கிளெம் முன்னால் வைத்தார். கிளெம் அந்த டம்ளரைப் பார்த்தார். வயிற்றில் தையல் போட்ட இடம்கூட அவ்வளவு வலித்ததில்லை. தொடாமல் திரும்பிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பாதிரியார் வீட்டு டேங்க் நிரம்பியதாக ஆள் வந்தது. கிளெம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“செத்தவனை வேலைக்குக் கூப்பிடலாமா தம்பி? மரியாதையா இருக்காது.”

அதுதான் பதில். எல்லோருக்கும் அதே பதில். ஏழாவது கொக்கியில் குவளை வெளியே பார்க்கிற வரைக்கும் லாரி நகராது. பக்கத்து நகரத்து லாரியோ அந்தச் சந்துகளில் நுழையாது. மே மாதம் முழுக்க மழை பெய்தது. ஊரில் ஒவ்வொரு டேங்காக வாய் வரை வந்தது. நாடாளுமன்றத்துக்கு நிற்கும் தகுதியுள்ள பெரிய மனிதர்களெல்லாம் வாளியும் மண்வெட்டியுமாகப் புதர்ப் பக்கம் நடமாடினார்கள். வழியில் பார்த்துக்கொண்டால் தொப்பியைத் தூக்கி, “நல்ல காற்று” என்றார்கள்.

ஜூன் ஏழாம் தேதி ராணி பட்டமேறிய வெள்ளிவிழா. தெரு நீளத்துக்கு மேஜை போட்டு நானூறு பேருக்கு விருந்து. நானூறு பேருக்கும் கழிப்பறை ‘கறுப்புக் கிடா’வின் கொல்லைப்புறத்தில். அங்கே ஏற்கெனவே பலகை போட்டுத்தான் நடக்க முடிந்தது.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் மேவிஸ் பப்பைப் பூட்டாமல் அப்படியே விட்டுவிட்டு, ஏப்ரனோடு கிளெம் வீட்டுக்கு நடந்தார். முப்பது வருஷத்தில் அவர் வெளிச்சத்தில் கடையை விட்டு வெளியே வந்ததை யாரும் பார்த்ததில்லை.

“எந்திரிய்யா.”

“செத்தவனால எந்திரிக்க முடியாதும்மா.”

“வாயை மூடிக்கிட்டு வா.”

பப்பில் இருபது பேர் நின்றிருந்தார்கள். மேவிஸ் கவுன்ட்டருக்குப் பின்னால் போனார். முதல் கொக்கியிலிருந்து தன் குவளையை இறக்கினார். பச்சைக் கோடு போட்டது, அதில் அவர் கறுப்பு பீர் மட்டும்தான் குடிப்பார். அதில் சைடரை நிரப்பி பெர்ட்டிடம் நீட்டினார். “ஒரு வாய் குடிச்சுட்டுப் பக்கத்துல குடு.”

பெர்ட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “மேவிஸ், நீ இன்னும் சாகலையே.”

“அது உங்களுக்கு ஒரு தடையா? சுவருக்கு ஆள் வேணும்னா என்னை எடுத்துக்கட்டும்.” பிறகு கிளெமின் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “பெர்ட் வந்து சொன்னப்போ போன் என் கைக்கிட்டதான் இருந்துச்சு, கிளெம். ஒரு போன் போட்டிருக்கணும். கூச்சப்பட்டுக்கிட்டு உன்னைச் சாகடிச்சுட்டேன்.”

கிளெம் குவளையை மறித்துக் கை நீட்டினார். “பைத்தியமா உனக்கு? நீ நிஜமாவே போயிட்டா?”

“போனா உங்களுக்கு யாரு ஊத்துவா? அந்தப் பயத்துலயாவது என்னை நல்லாப் பார்த்துக்குவீங்க.”

குவளை சுற்றி வந்தது. கடைசி மிடறு மேவிஸுக்கு. தன் காரியத்தில் தானே குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “சீ! இதையா முப்பது வருஷமா உங்களுக்கு ஊத்தறேன்? ஒருத்தனாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாது?”

பச்சைக் கோட்டுக் குவளை சுவரைப் பார்த்துத் திரும்பியது. ஏழாவது குவளை வெளியே பார்த்துத் திரும்பியது. ஒரு மணி நேரத்தில் லாரி கிளம்பியது. மறுநாள் ராணியின் நலனுக்காக நானூறு பேர் எழுந்து நின்று குடித்தபோது வீசிய வாசனையைப் பற்றி இன்றுவரை யாரும் பேசவில்லை.

மேவிஸ் அதற்குப் பிறகு இருபத்தோரு வருஷம் இருந்தார். தன் கறுப்பு பீரை ஒரு ஜாம் பாட்டிலில் குடித்தார். கேட்டால், “செத்தவளுக்கு இது போதும்” என்பார். சைடரை மட்டும் மாற்றவே இல்லை.

கடைசியில் அதே ஹெரிஃபோர்டு ஆஸ்பத்திரி. கிளெம் திராட்சைப் பையோடு போனார். கட்டில் காலி. மெத்தை சுருட்டியிருந்தது. கிளெம் நேராக நர்ஸின் முன்னால் போய் நின்று, வார்டே திரும்பிப் பார்க்கக் கத்திக் கேட்டார்: “இங்க இருந்த அம்மா எங்க? செத்துட்டாங்களா? சொல்லும்மா!”

எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தார். தள்ளுவண்டியில் திரும்பி வரும்போதே மேவிஸ் திட்ட ஆரம்பித்துவிட்டார். “எக்ஸ்ரே ரூம் வரைக்கும் கேட்டுச்சுய்யா உன் சத்தம். என் மானமே போச்சு.” ஆனால் கிளெமின் கையை விடவில்லை. அந்தக் கை எங்கெல்லாம் போய் வந்த கை என்று தெரிந்தும் விடவில்லை. பத்து நாள் கழித்து இறந்துபோனார்.

பப்பில் கூடினார்கள். கூடியபிறகுதான் விஷயமே உறைத்தது. திருப்புவதற்குக் குவளை இல்லை. பச்சைக் கோடு இருபத்தோரு வருஷமாகச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஜாம் பாட்டிலை எந்தக் கொக்கியில் மாட்டுவது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வழக்கம்போல ஒன்றும் பேசாமல் நின்றார்கள்.

கிளெம் கவுன்ட்டருக்குப் பின்னால் போனார். ஏழாவது குவளையை இறக்கி நிரப்பி, பெர்ட்டிடம் நீட்டினார்.

“யோவ், இது உன்னோடதுய்யா.”

“தெரியும். குடி.”

சுற்று முடிந்ததும் குவளையை முதல் கொக்கியில், பச்சைக் கோட்டின் மேலேயே, வாய் சுவரைப் பார்க்க மாட்டினார். இரண்டும் ஒட்டிக்கொண்டு தொங்கின. பிறகு ஒரு கண்ணாடி டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் அவர் குடித்ததெல்லாம் டம்ளரில்தான். ஒரு கோடைகாலம், மலையேற வந்த ஒரு பையன் எல்லோர் கையிலும் குவளையையும் கிளெம் கையில் மட்டும் டம்ளரையும் பார்த்துவிட்டுக் கேட்டான்: “நீங்களும் வெளியூரா சார்?”

“இல்லப்பா, இந்த ஊருதான்” என்றார் கிளெம். “என் குவளையில ஒருத்தங்க இருக்காங்க.”