செத்தது போக மிச்சம்

மகள் மூன்றாவது முறை வந்து நின்றபோது வாயில் இரண்டு பல் இல்லை. ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். இன்னொன்று எங்கே விழுந்ததென்று தெரியவில்லையாம். தாய் டோஸக்கா அவளை நாற்காலியில் உட்கார வைத்து, துணியில் ஐஸைச் சுற்றி உதட்டில் அழுத்தினாள். கொண்டுவந்த பல்லை என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலோரம் வைத்தாள்.

"எதுக்குடி அடிச்சான்?"

"சட்டையில பட்டன் அறுந்திருந்துச்சாம்."

"பட்டனுக்கு ரெண்டு பல்லா! கட்டையில போறவன், கை விளங்குமா அவனுக்கு!" என்று வாய் வலிக்கும்வரை மாப்பிள்ளையைத் திட்டித் தீர்த்தாள். தீர்த்துவிட்டு, போன இரண்டு முறை சொன்னதையே இப்போதும் சொன்னாள். "சரி, ரெண்டு நாள் இருந்துட்டுப் போ. உங்கப்பன் என்னை அடிக்காத அடியா? போகப் போகப் பழகிடும்."

"பழகிடுச்சும்மா" என்றாள் மகள், ஐஸ் துணிக்குள்ளிருந்து.

மூன்றாம் நாள் காலையில் தாயே கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டாள். பாவி, இருந்தது ஒரே ஒரு பெண். திட்ட நினைப்பவர்கள் நன்றாகத் திட்டலாம். ஆனால் அவள் எங்கே வேலை பார்த்தாள் என்பதைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

பதினாறு வருஷமாக ஒரு கிருமி ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளர். அங்கே எல்லாமே ஈ.கோலைதான். உங்கள் குடலிலும் என் குடலிலும் வாடகை தராமல் குடியிருக்கிற கிருமி அது. பெரும்பாலும் ஒரு வம்புக்கும் போகாது. தீனி போட்டால் இருபது நிமிஷத்தில் ஒன்று இரண்டாகும், எட்டு மணி நேரத்தில் கோடியாகும். அதனாலேயே ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது செல்லப்பிள்ளை. செல்லப்பிள்ளையை என்ன செய்வார்கள் என்கிறீர்கள்? கொல்வார்கள். மருந்துக்குச் சாகாத கிருமி எப்படி உண்டாகிறது என்று கண்டுபிடிக்கத் தினமும் கொன்று பார்ப்பார்கள்.

கொல்கிற கை டோஸக்காவுடையது. மேஜை மேல் பன்னிரண்டு கண்ணாடிக் குடுவைகள். காலை ஒன்பது மணிக்கு, நேற்றுக் கிருமி பெருகிக் கலங்கிய குடுவையிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுத் தீனித் தண்ணீரில் விடவேண்டும். கூடவே மருந்து, நேற்றைவிட ஒரு பொட்டு அதிகமாக. அந்த டோஸ் அவள் பொறுப்பு. தப்பு செய்கிறவர்களுக்கு அவள் வாயால் விடுகிற டோஸும் பிரபலம் என்பதால் டோஸக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. வலது கைச் சுண்டுவிரல் மடங்கியே இருக்கும், நிமிராது. குடுவையைச் சாய்க்கும்போது அதன் மூடியை அந்த விரலிடுக்கில் பிடித்துக்கொள்வாள். மூடி பிடிக்கவே செய்த விரல் என்று எல்லோரும் சிரிப்பார்கள். செய்தது அவள் புருஷன், கதவிடுக்கில் வைத்து. முதல் வருஷம் அறை, அடுத்த வருஷம் பெல்ட், அதற்கடுத்து கதவு. கடைசியில் அவனை ஒரு லாரி அடித்தது. அன்று மத்தியானமே அவள் நன்றாகத் தூங்கினாள்.

இந்த வேலை அவளுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது, அதாவது கற்றுக்கொண்டதாக அவளே நினைத்துக்கொண்டாள். புதுக் கிருமியின் தலையில் இன்றைய மருந்தை ஒரேயடியாகக் கொட்டினால் மறுநாள் குடுவை தெளிந்து கிடக்கும், ஒன்று மிஞ்சாது. அதையே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் எட்டு மாசத்தில் ஆயிரம் மடங்கு மருந்திலும் ஜம்மென்று பெருகும். தினமும் கண்ணால் பார்த்தது. எதுவும் போகப் போகப் பழகிவிடும் என்று அவள் நம்பியது இப்படித்தான். தானே அப்படித்தானே உயிரோடு இருக்கிறோம் என்றும் நினைத்தாள். மகளுக்கும் முதல் வருஷம் அறை, அடுத்த வருஷம் பெல்ட், இப்போது பல். கணக்கு சரியாகத்தான் போகிறது என்று நினைத்தாளோ என்னவோ!

மகளை பஸ் ஏற்றிய நாலாம் நாள். மருந்தை ஊற்றி முடித்து, கொதிகலனிலிருந்து பாத்திரம் எடுக்கிற நீள இடுக்கியைக் கையில் எடுத்தபடி, பக்கத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளரிடம் பேச்சுக்குச் சொன்னாள்.

"எவ்வளவு குடுத்தாலும் பழகிக்குதுங்க சார், பாவம்."

அவர் தலை நிமிராமலே சிரித்தார். "பழகறதா? பதினாறு வருஷமா இதையா நினைச்சிட்டிருந்தீங்க? அது பழகறதே இல்லக்கா. ஒவ்வொரு டோசுக்கும் கோடிக் கணக்குல சாகுது. எங்கயோ ஒண்ணு ரெண்டு கொஞ்சம் மாறிப் பொறந்தது தப்பிச்சு, அது பெருகி குடுவை நெறையுது. காலையில நீங்க பாக்கறது செத்தது போக மிச்சம்."

டோஸக்கா இடுக்கியைக் கீழே வைக்கவில்லை. "கோடியெல்லாம் இல்ல சார். ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னா?"

"ஒண்ணுதான்னா செத்துடும்க்கா."

அவள் அங்கியைக் கழற்றவில்லை, கையுறையையும் கழற்றவில்லை. பின்னால் அவர் கூப்பிட்டது காதில் விழவில்லை. மகள் வீட்டுக்குப் பஸ்ஸில் பதினோரு நிறுத்தம். இடுக்கியோடு ஏறியவளைப் பார்த்து ஜனம் தானாக வழிவிட்டது. மாப்பிள்ளை அச்சகத்தில் மத்தியான ஷிப்ட், காலையில் வீட்டில்தான் இருப்பான். வழியெல்லாம், உயிரோட இருடி, உயிரோட இருடி என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். மூன்று மாடி ஏறும்போது மேலே டம் டம் என்று சத்தம் கேட்டது. கதவு சும்மா சாத்தியிருந்தது.

சமையலறையில் மகளின் கூந்தலைக் கையில் சுருட்டிப் பிடித்து, அலமாரி விளிம்பில் அவள் நெற்றியை மோதிக்கொண்டிருந்தான் அவன். நெற்றி பிளந்து ரத்தம் மூக்கின் மேல் வழிந்து சொட்டியது. அவள் அழவில்லை, கத்தவில்லை, கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. திறந்த கண்ணோடு தண்ணீர்க் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்துத் தெளிந்த குடுவையும் இப்படித்தான் இருக்கும்.

"விடுடா அவள!"

"நீங்க இதுல தலையிடாதீங்க அத்தை" என்றான் அவன், படு மரியாதையாக. சொல்லிக்கொண்டே இன்னொரு முறை மோதினான்.

இடுக்கியை ஓங்கி அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிகிற சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. கூந்தலை விட்டான். இடது கையால் இடுக்கியைப் பிடுங்கி டோஸக்காவின் தோளில் ஒரு போடு போட்டான், விழுந்தவளை விலாவில் உதைத்தான், இரண்டு உதை, மூன்று உதை. அவளுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. தரையில் ஊன்றிய வலது கையைச் செருப்புக் காலால் மிதித்து நசுக்கிக்கொண்டு, இடுக்கியை அவள் தலைக்கு மேலே தூக்கினான்.

அப்போது அவன் பின்மண்டையில் விழுந்தது அடுப்பிலிருந்த இரும்புச் சட்டி. மகள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவன் முழங்காலில் சரிந்தான். மறுபடி அடித்தாள், காது கிழிந்தது. மறுபடி அடித்தாள், முகம் தரையில் மோதிப் பல் சிதறியது. அவன் அசையவில்லை, அவளும் நிறுத்தவில்லை. டோஸக்கா ஊர்ந்துபோய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"போதும்டி, போதும்டி கண்ணு! செத்துடுவான்!"

பாழாய்ப் போனவன் சாகவில்லை. பதினேழு தையல் போட்டார்கள், பிறகு போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணி ஆம்புலன்ஸ் வருவதற்குள் நடந்ததைச் சொல்லவேண்டும்.

மகள் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். டோஸக்கா அவள் முகத்தைத் துடைத்தபடி கேட்டாள்.

"இவ்வளவு கோவம் இருக்கே, அப்பறம் ஏன்டி பழகிடுச்சுன்னு சொன்ன?"

"பழகவே இல்லம்மா." பல் போன வாயில் காற்று சீறியது. "ஒரு நாள்கூடப் பழகல. நீதான் திருப்பித் திருப்பி பஸ் ஏத்திவிட்ட. அப்படிச் சொன்னாத்தான் உனக்கு நிம்மதியா இருக்கும்னு சொன்னேன்."

டோஸக்கா வாயில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். புருஷன் விரலை முறித்த அன்றும் அவள் அப்படி அழுததில்லை.

ஆம்புலன்ஸ்காரர் வந்து விலாவைத் தொட்டுப் பார்த்தார், ஸ்ட்ரெச்சரை விரித்தார். நசுங்கிய கையால் டோஸக்கா மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், மடங்கிய விரலும் சேர்ந்து பிடித்திருந்தது.

"கைய விடுங்கம்மா, அப்பத்தான் தூக்க முடியும்."

"முடியாது" என்றாள் அவள். "மூணு தடவை விட்டவ நான்."